நான் மூடிய லேப்டாப்

அன்று காலை எங்கள் போர்வெல் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் தங்கச்சி புருஷன். மோட்டார் பார்க்கிற சித்தப்பா. பட்டாபிராமிலிருந்து ஐந்து மணிக்கே வந்து நின்ற தண்ணீர் லாரி டிரைவர். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து கடைசியாக வந்த டிரைவர். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்த ஏழு டிரைவர்கள். மேசை மேல் மாப்பிள்ளையின் லேப்டாப், திறந்தபடி. வேறு யாரும் இல்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கம் கிடையாது. எழுதுவதற்கு ஒரே காரணம், எங்கள் வெள்ளானூரில் இன்னும் ஒரு பேச்சு ஓடுகிறது. படித்தவன் வந்தான், புதுசாக ஏதோ செய்தான், வரிசையைக் கெடுத்தான், விரலைப் பறிகொடுத்தான் என்று டீக்கடையில் சொல்கிறார்கள். விரல் போனது நிஜம். வரிசையைக் கெடுத்தது அவர் இல்லை.

எங்கள் நிலத்தில் நெல் போட்டது அப்பா காலத்தோடு சரி. மூன்று பக்கமும் பிளாட் போட்டுவிட்டார்கள். மிஞ்சிய துண்டில் போர் இருக்கிறது. தண்ணீர் நல்ல தண்ணீர். அடுக்குமாடிகளுக்கு அடிக்கிற லாரிகள் வந்து நிரப்பிக்கொண்டு போகும். குழாய்க்குக் கீழே ஒரு லாரிக்குத்தான் இடம். மற்றவை வெளியே ரோட்டோரம் நிற்கும். முறை எப்படி என்றால், கொட்டகைச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். வருகிற டிரைவர் லாரிச் சாவியைக் கழற்றி அடுத்த ஆணியில் மாட்ட வேண்டும். முறை வந்தால் நான் சாவியை எடுத்துக் கொடுப்பேன். சாவி என்னிடம் இருக்கும்போது யாரும் முந்த முடியாது. முரட்டுப் பிழைப்புக்கு முரட்டுக் கட்டு.

அந்தக் கட்டையும் உடைத்தார்கள். அந்த நாளுக்கு முந்தின கோடையில் ஒருவர் தன் சாவியை இரண்டு ஆணி முன்னால் நகர்த்தி மாட்டிவிட்டார். பார்த்தவர் எதுவும் கேட்கவில்லை. லாரித் தொட்டியின் இரும்பு மூடியை எடுத்து வாயிலேயே அடித்தார். இரண்டு பல் சேற்றில் விழுந்தது. விலக்கப் போன எனக்கு நெற்றி கிழிந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தார். அவர் தென்காசிப் பக்கம். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தங்கச்சியை அங்கேதான் பார்த்துக் கட்டிக்கொண்டார். அதிர்ந்து பேசாத மனுஷன். என் நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மச்சான், அடுத்த தடவ பல்லோட போவாது. ஒரு உசுரு போயிரும். இத நான் சரி பண்ணுதேன்."

கம்பெனி வேலை முடிந்த நேரமெல்லாம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினார். டிரைவர் வந்ததும் போனில் லாரி நம்பரை அழுத்த வேண்டும். ஒரு எண் வரும். எல்லார் போனிலும் எல்லாருடைய எண்ணும் தெரியும். யாரும் நகர்த்த முடியாது. அதை இங்கே உள்ள பெட்டியில் ஓட்டினால் கரண்ட் போனால் நின்றுவிடும் என்று, மும்பையில் வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தார். கிளவுட் என்றார். அந்த நாள் காலை ஆறரைக்குக் கொட்டகை மேசையில் உட்கார்ந்து ஏற்றினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கடைசியில் ஒரு வரி அடித்தார். ஒன்பது டிரைவரும் வந்த முறைப்படி போனை அழுத்தினார்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை வந்தது. பட்டாபிராம்காரர் ஒன்று. முத்தாபுதுப்பேட்டைக்காரர் ஒன்பது.

"இது இப்ப இந்த லேப்டாப்புல ஓடலை மச்சான். மும்பைல ஓடுது" என்றார் மாப்பிள்ளை.

அந்த வார்த்தையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பலகையில் இருந்த சாவிகளைக் கழற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். "இனிமே ஆணி இல்ல. போன்தான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஏழு மணிக்குச் சித்தப்பா மோட்டார் போடப் போனார். அதே நேரம் மாப்பிள்ளைக்குக் கம்பெனியிலிருந்து போன். மோட்டார் சத்தத்தில் கொட்டகைக்குள் பேச முடியாது. "இன்னும் ஒரு வேல பாக்கி இருக்கு மச்சான், பேசிட்டு வந்து முடிக்கேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் போனார். மோட்டார் ஓடியது. குழாய் இணைப்பு பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் சீறி மேசை வரைக்கும் வந்தது. லேப்டாப் நனைந்துவிடும். வேலைதான் மும்பையில் ஓடுகிறதே. நான் லேப்டாப்பை மூடிக் கோணிச் சாக்கைப் போர்த்தினேன்.

பாக்கி இருந்த வேலை என்ன என்று பின்னால் தெரிந்தது. ஓடுவது மும்பையில்தான். ஆனால் ஓட்டிவிட்டது இந்த லேப்டாப்பின் வழியாக. தனியாக ஓட இன்னும் பழக்கவில்லை. மூடியதும் இணைப்பு அறுந்தது, அங்கே அதுவும் நின்றது. வரிசையை எழுதி வைக்கவும் அதற்கு இன்னும் இடம் கட்டவில்லை. ஓடுகிற வரைக்கும்தான் ஞாபகம். நின்றால் மறதி.

சித்தப்பா இணைப்பைக் கம்பி கட்டி இறுக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் போனைத் தட்டினார். "இன்னா மாமே, வெள்ளையா கீது? ஒண்ணியும் காணோம்." இன்னொருவர், "எனுக்கும் அப்டித்தான் கீது." சத்தம் கேட்டு மாப்பிள்ளை ஓடி வந்தார். சாக்கை எடுத்தார். மூடியைத் திறந்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அந்த வரியை அடித்தார். "ஒரு நிமிசம் யாரும் அமுக்காதீங்க, பழைய வரிசய நான் போட்டுத் தாரேன்" என்று கத்தினார். யார் கேட்பார்கள்? ஒன்பது கட்டைவிரலும் போனில் விழுந்தது. கடைசியாக வந்த முத்தாபுதுப்பேட்டைக்காரருக்கு ஒன்று வந்தது. ஐந்து மணியிலிருந்து நிற்கிற பட்டாபிராம்காரருக்கு ஒன்பது.

"ஒண்ணு போட்ருக்கு பாரு. ஒத்து, வழி வுடு பெர்சு" என்று சொல்லி முத்தாபுதுப்பேட்டைக்காரர் லாரியில் ஏறினார். சாவி அவர் கையில்தானே இருந்தது. பலகையில் இருந்திருந்தால் ஏறியிருக்க முடியாது.

"அஞ்சு மணிலேர்ந்து காஞ்சிகினு கீறேன். நேத்து மொளச்சவன் நீ ஒண்ணா?" பட்டாபிராம்காரர் தன் லாரியை எடுத்துக் குறுக்கே விட்டார். இரும்பும் இரும்பும் உரசியது. கண்ணாடி நொறுங்கியது. இரண்டு பேரும் இறங்கினார்கள். சின்னவர் முதலில் அடித்தார், மூக்கில். பெரியவர் ஜாக்கி ராடை எடுத்தார். முழங்காலில் ஒன்று, விலாவில் ஒன்று. சின்னவர் சேற்றில் குப்புற விழுந்தார். மற்ற ஏழு பேரில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். விலக்கப் போனவரும் அடித்தார், அடித்தவரும் விழுந்தார். நான் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். சட்டை மட்டும் கையோடு வந்தது.

மாப்பிள்ளை மேசையை விட்டு எழவில்லை. இதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கலவரத்தில் அவர் பழைய வரிசையை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார். அது வந்துவிட்டால் அடி நின்றுவிடும் என்று நம்பினார். "அண்ணே, இந்தா, நீங்கதான் ஒண்ணு, வந்துட்டு, பாருங்க" என்று பட்டாபிராம்காரரைக் கூப்பிட்டார். அவர் திரும்பி மேசைக்கு வந்தார். முகமெல்லாம் ரத்தம்.

"எல்லாம் இந்தப் பொட்டியாலதான்டா."

ராடு லேப்டாப்பைப் பார்த்து இறங்கியது. திரையைத் திருப்பிக் காட்டிய மாப்பிள்ளையின் வலது கை மூடியின் மேல் இருந்தது.

சத்தத்தை எழுத மாட்டேன். நான் பைப் ஸ்பேனரை எடுத்தேன். பட்டாபிராம்காரரின் தோளில் போட்டேன். விழுந்த பிறகும் போட்டேன். சித்தப்பா என் இடுப்பைக் கட்டி இழுக்கவில்லை என்றால் கொன்றிருப்பேன். இத்தனை நாளில் எனக்கு விளங்காதது இதுதான். அந்த ஆள் கேட்டது தன் முறையை. நியாயம் அவர் பக்கம். முறையை அழித்தது நான், சாவியைக் கையில் கொடுத்ததும் நான், தோளை உடைத்ததும் நான். அவரால் இப்போது ஸ்டியரிங் பிடிக்க முடியாது.

ஆவடி ஆஸ்பத்திரியில் தங்கச்சி அழவில்லை. என்னைப் பார்த்து ஒரு தடவைதான் கேட்டாள். "இன்னாண்ணா, நம்ம ஊட்டு தண்ணி அவரு வெரலையா கேக்குது?" ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்துச் சமாதானமானோம். போன் வரிசை எப்படி நின்றது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையோடு, "நெட் கட் ஆயிட்டு சார். நான் முன்னாடியே பாத்திருக்கணும். என் தப்புதான்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் இருந்தது. திறக்கவில்லை. அங்கிருந்துதான் ஊர்ப் பேச்சு கிளம்பியது.

ஆறு மாதத்துக்குப் பலகைக்கே திரும்பினோம். போன வாரம் மாப்பிள்ளை அதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். திரை மாற்றியிருக்கிறார். மூடியில் ராடு விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அதே மேசை. மெதுவாக அடித்தார். முன்பெல்லாம் மழை மாதிரி அடிப்பார். அன்று நடுநடுவே நின்று, எட்டாத எழுத்துக்கு இடது கையைக் கொண்டு போனார். டிரைவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். சாவிகள் ஆணியில்தான் தொங்கின. நான் கழற்றவில்லை.

எண்கள் வந்தன. மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளினார்.

"மூடுங்க மச்சான்."

"வாணாம் மாப்ள."

"மூடுங்க. இப்ப நிக்காது."

"அன்னிக்கி..." என்றேன்.

"அன்னைக்கு வந்து தொறந்தது நான்லா. எனக்குத் தெரியாதா?" என்றார். "மூடாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கணும். சொல்லல. இப்ப மூடுங்க."

அத்தனை பேர் முன்னால், "அன்னிக்கி மூடுனது நான்தான்" என்று சொன்னேன். லேப்டாப்பை மூடினேன். எல்லாரும் போனைப் பார்த்தார்கள். வரிசை அப்படியே இருந்தது. சித்தப்பா மோட்டார் போட்டார்.

மாப்பிள்ளை இரண்டு கையையும் மூடியின் மேல், அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தார். விரல்களை எண்ணிப் பார்த்தேன்.

ஏழு.