பன்னிரண்டு முகங்களும் என் கன்னமும்

மட்டாஞ்சேரியில் மிளகுக் கடை நடத்துகிறேன். விற்க வருபவர்கள் மேலே மட்டும் நல்ல மிளகைப் பரப்பி வைப்பார்கள் என்பதால், குத்தூசியால் மூட்டையின் அடிவரை குத்திப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன்!

முகக் கிரீம் விற்பவர் ஒருவர், “பரிசோதிச்சுப் பார்த்தது, இத்தா” என்று என்னை அக்கா முறை வைத்து அழைத்து, தேமல் மறைந்த பன்னிரண்டு பெண்களின் படங்களைக் காட்டினார். என் கன்னத்திலும் தேமல் இருந்ததால் நம்பிப் பூசினேன். மூன்றாம் நாளே கன்னம் வெந்து தோல் உரிந்தது.

மறுமாதம் அதே படங்களோடு வந்தார். இந்த முறை அவரையும் அடிவரை குத்திப் பார்த்தேன்.

“மொத்தம் எத்தனை பேரு பூசினாங்க, சேட்டா?”

“ஐம்பது பேரு.”

“மிச்சப் பேரு படம் எங்கே?”

“அதெல்லாம் எடுக்கலை...”

“அப்போ இதை எடுத்துக்கோங்க” என்று கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

இப்போதெல்லாம் எந்த விளம்பரமானாலும், படத்தில் இல்லாதவர்களைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன்.