விடுப்புப் பட்டியலில் இல்லாத மழை

ஐப்பசி இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைய காலை வழக்கம்போலத்தான் தொடங்குகிறது: மேசையைத் துடைத்தேன், குடிதண்ணீர்க் கேனை மாற்றினார்கள், எட்டு மணிக்குக் கணினியைத் திறந்தேன். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூற்பாலையின் பணியாளர் அலுவலகத்தில் நான் எழுத்தர். வருகைப் பதிவும் விடுப்பும் செல்பேசிச் செயலிக்கு மாறியபின் வந்த முதல் மழைக்காலம் அது. சனிக்கிழமை இரவு நல்ல மழை. திங்கட்கிழமை காலைத் திரையைப் பார்த்தால், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் பாதிப் பேருக்குத் தகப்பனார் இறந்திருந்தார். அத்தனை விண்ணப்பங்களுக்கும் அனுமதி கொடுத்திருந்தவர் அந்தப் பிரிவின் மேஸ்திரி அக்கா.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். விளாத்திகுளம் பக்கத்துக்காரர், எனக்குச் சில வயது மூத்தவர். இயந்திர இரைச்சலில் பேசிப் பழகியதால் வெளியிலும் குரல் தணியாது. செயலியை அவர் வெறுக்கவில்லை. சம்பளச் சீட்டைக் கையிலேயே பார்க்கலாம் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. பிரிவில் எல்லாருடைய செல்பேசியிலும் அதை ஏற்றிக் கொடுத்தவரே அவர்தான்.

ஆனால் மில்லில் அதற்கு முன்னால் எழுதப்படாத ஒரு ஏற்பாடு இருந்தது. கரிசலில் மழை பெய்து, மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், நிலம் உள்ளவர்கள் விதைக்கப் போய்விடுவார்கள். நிலம் இல்லாதவர்கள் அவர்களுக்கும் சேர்த்து இயந்திரத்தில் நிற்பார்கள். போனவர்கள் திரும்பி வந்து அத்தனை ஷிப்டுகளை அவர்களுக்காக நின்று கழிப்பார்கள். யார் போவது, யார் நிற்பது என்பதை மேஸ்திரி வாயாலேயே சொல்லி முடித்துவிடுவார். முகத்தைக் காட்டினால்தான் வருகை என்று ஆனபின், ஒருவருக்காக இன்னொருவர் நிற்க வழியில்லை. சாதாரண விடுப்புக்கு மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும். நெருங்கிய உறவினர் மறைவுக்கு மட்டும் அன்றைக்கே விடுப்பு உண்டு.

பத்து மணிக்குக் கோயம்புத்தூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் பதற்றத்தோடு கூப்பிட்டார்.

"சார், அங்க ஏதாவது பஸ் விபத்துங்களா?"

"இல்லைங்க மேடம். மழை."

"மழையிலயா இத்தனை பேரு இறந்துட்டாங்க?"

"யாரும் இறக்கலைங்க. விதைக்கப் போயிருக்காங்க."

அம்மையார் உடனே மேலாளரிடம் இணைப்பைக் கொடுக்கச் சொன்னார்.

நான் வைண்டிங் பிரிவுக்குப் போனேன். அக்கா இருக்கிற சிலரை வைத்துக்கொண்டு, தாமும் ஓர் இயந்திரத்தில் நின்று அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான்தான் தம்பி அப்படிப் போடச் சொன்னேன். செத்தாத்தான் ஒடனே லீவு தருமாம். வெதைக்கப் போறவன் மூணு நாளைக்கு முந்தியே மழைகிட்டச் சொல்லி வைக்கணுமாக்கும்?"

"உங்க நிலம் என்னாச்சு?"

"அப்படியேதான் கெடக்கு. உளுந்து வாங்கி வச்சாச்சு, டிராக்டருக்கும் சொல்லியாச்சு. புதன்கிழமையைத் தாண்டிட்டா ஈரம் போயிரும். அப்புறம் இந்த வருசம் அது தரிசுதான்."

"நீங்களும் அதே மாதிரி போட்டிருக்கலாமே?"

"எங்கய்யா வீட்டுல உக்காந்து வெத்தலை இடிச்சிக்கிட்டு இருக்காவ. அவியளப் போயி செல்போன்ல கொல்லச் சொல்லுதியா?"

அதுவரை பிறருடைய தகப்பன்மாரைத் தயங்காமல் அனுமதித்தவர் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சிலர் விதைப்பு முடித்துத் திரும்பினார்கள். பிரிவு வாசலில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டது என் காதில் விழுந்தது: "ஏட்டி, ஒங்கய்யாவுக்குப் பதினாறு என்னைக்கு?"

"மொளைக்கட்டும், சொல்லுதேன்."

அன்று மாலை தலைமை அலுவலகத்தின் முடிவு வந்தது. மறைவு விடுப்புகள் எல்லாம் சம்பளமில்லா விடுப்புகளாக மாற்றப்பட்டன. மேஸ்திரிக்கு எச்சரிக்கை. அனுமதி கொடுக்கும் உரிமை அவரிடமிருந்து எடுக்கப்பட்டு என் பெயருக்கு வந்தது. இனி முன்னறிவிப்பு இல்லாமலும் சம்பளமில்லா விடுப்புக் கேட்கலாம்; அதை அனுமதித்தால், அனுமதிப்பவரே காரணத்தை எழுதித் தம் பெயரில் கோவைக்கு அனுப்ப வேண்டும். தவறானால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மத்தவிய வெதைச்சாச்சுல்லா" என்றார்.

விதி ஒன்றும் அநியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. பொய்யான காரணத்தை வைத்து ஒரு பதிவேட்டை நடத்த முடியாது. பழைய ஏற்பாட்டில் பொய் இல்லை, பதிவும் இல்லை. புதியதில் பதிவு இருந்தது. உண்மையை எழுத ஒரு கட்டம் இல்லை. அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை காலை கணினியைத் திறந்தபோது ஒரே ஒரு விண்ணப்பம் காத்திருந்தது. மேஸ்திரி அக்காவுடையது. ஒரு நாள், சம்பளமில்லா விடுப்பு, முன்னறிவிப்பு இல்லை. காரணம்: உளுந்து விதைக்க. அனுப்பியவர் அன்று மில்லுக்கு வந்திருந்தார். சீருடையோடு வாசலில், முகம் காட்டும் கருவிக்கு வெளியே, இன்னும் முகத்தைக் காட்டாமல், செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அனுமதிப்பவர் எழுத வேண்டிய கட்டத்தில் 'மழை' என்று தட்டி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். மேசையை அதற்குப் பிறகுதான் துடைத்தேன்.