முடிவு தெரியாத நாடகத்துக்கு ஒரு பரிந்துரை

எங்கள் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே ஒருவர் தினமும் காலையில் காய்ந்த இலைகளைக் கூட்டுகிறார். ஜனவரியிலும் கூட்டினார், ஜூனிலும் கூட்டினார், இதோ நவம்பரிலும் கூட்டிக்கொண்டிருக்கிறார். இந்த ஊர் மரங்களுக்கு எப்போது இலையை உதிர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். வந்து பதினான்கு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. ஆனால் என் கடிதங்களைப் படிப்பவர்களில் குளிர்நாடுகளில் இருக்கும் நீங்கள் ஸ்வெட்டரை எடுத்து மாட்டியதுமே, "இலையுதிர்காலக் கடிதம் எங்கே?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறீர்கள். சரி, உங்களுக்காக ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் சேதி சுருக்கமானதுதான். முழங்கால் வலி தேவலை. நாவல் பதினோராம் அத்தியாயத்தில் முரண்டு பிடிக்கிறது. கதாநாயகி என்னோடு பேச மறுக்கிறாள். குவீன்ஸ்டவுனின் பழைய குடியிருப்புகளைப் பற்றி ஒரு சிறிய புகைப்படக் கண்காட்சி நடக்கிறது, இங்கே இருப்பவர்கள் போய்ப் பாருங்கள். அதில் கைலியைக் காயப்போடும் ஒருவரின் முகம் மூன்று நாளாக என்னை விடவில்லை. தேக்கா சந்தையில் மாடிப்படிக்குப் பக்கத்துக் கடையில் புட்டு சாப்பிடுங்கள், பத்து மணிக்குள் போனால்தான் கிடைக்கும். பிறகு லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துச் சின்ன அரங்கில் நடக்கும் தமிழ் நாடகம். அண்ணன் தங்கை இருவர், விற்கப்போகும் ஒரு வீடு, அவ்வளவுதான் கதை. அவசியம் பாருங்கள். முடிவு எப்படி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் எழுத உண்மையிலேயே கூச்சமாக இருந்தது. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், ஆனால் தொலைக்காட்சியைத் திறந்தால் ஒரு பக்கம் போர், இன்னொரு பக்கம் நம் ஊர்க் கடலோரத்தில் வெள்ளம். ஊர் ஊராகத் தண்ணீர் நிற்கும்போது புட்டைப் பற்றியும் புகைப்படத்தைப் பற்றியும் எழுதுகிறாளே, இவளுக்கு விவஸ்தையே இல்லையா என்று நீங்கள் திட்டுவீர்களோ என நினைத்தேன். பாதி எழுதிய கடிதத்தை மூடிவைத்துவிட்டேன். அன்றே முருகேசனுக்கும் தகவல் அனுப்பினேன்: "இந்த ஞாயிறு நாடகம் வேண்டாம் தம்பி. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்."

முருகேசன் துவாஸில் கப்பல் பட்டறையில் வெல்டர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் அறிமுகம். அதிலிருந்து நான் பரிந்துரைக்கும் எதையும் அவர் விடுவதில்லை, ஆனால் எதையும் முழுதாகப் பார்த்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்குவிடுதிக்குத் திரும்பும் பேருந்து ஆறரைக்குக் கிளம்பிவிடும். நாடகமோ கச்சேரியோ, ஆறே காலுக்கு மனிதர் எழுந்து குனிந்தபடி வெளியே போவார். மீதிக் கதையை நான் வாட்ஸப்பில் பேசி அனுப்புவேன். "அக்கா, நீங்க சொல்றது நாடகத்தவிட நல்லா இருக்கு" என்பார். பொய்தான், ஆனால் கேட்கச் சுகமாக இருக்கும்.

அவருடைய பதில் உடனே வந்தது. "வரேன்க்கா. ரூம்ல பன்னெண்டு பேரு, பன்னெண்டு ஃபோன்லயும் வெள்ளந்தான் ஓடுது. அங்க உக்கார முடியல." அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மனைவி வசந்தியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் தெருவில் முந்தின நாள் காலையிலிருந்து தண்ணீர். கடைசியாகப் பேசியபோது வாசற்படி வரை வந்திருந்ததாம். அப்புறம் ஃபோன் போகவே இல்லை. "வாங்க தம்பி" என்று உடனே பதில் போட்டேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அரங்குக்கு வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, சவரம் செய்யாத முகம். உட்கார்ந்ததும் ஃபோனைத் தொடைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார். விளக்கு அணைவதற்குச் சற்று முன்னால், கழுத்தில் அட்டை தொங்க அரங்கத்து ஊழியப் பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் முருகேசனின் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. சோதனைக்கு வந்தவள் என்று நினைத்து எழுந்து நின்று, தன் வேலை அனுமதி அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ அண்ணே, கார்டெல்லாம் வேணாம் லா! ஃபோன மட்டும் ஆஃப் பண்ணுங்க, ஷோ ஸ்டார்ட் ஆகப் போகுது."

"அது மட்டும் முடியாதும்மா."

"ரெக்கார்ட் பண்ணக் கூடாதுண்ணே, ரூல்ஸ்."

நான் குறுக்கே புகுந்து, ஊரில் வெள்ளம், வீட்டுக்காரர்களோடு பேச முடியவில்லை என்று சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் அழைத்துப் போய், கதவுக்குப் பக்கத்தில் கடைசி இருக்கைகளில் உட்கார வைத்தாள். "வைப்ரேட்ல வச்சுக்குங்க. வந்துச்சுன்னா நானே டோர் திறந்து விடுறேன், ஓகேவா?" நாங்கள் நாடகம் பார்த்தோம். நடுவில் அண்ணன்காரன் அடித்த ஒரு கேலிக்கு முருகேசன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தப்புச் செய்தவர்போல என்னைப் பார்த்தார். "சிரிங்க தம்பி" என்றேன்.

ஆறு மணி சுமாருக்கு ஃபோன் அதிர்ந்தது. தெரியாத எண். அவர் எழுவதற்கு முன்பே அந்தப் பெண் கதவைத் திறந்துவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மேடையில் வீட்டை விற்றார்களா இல்லையா, கடவுளுக்கே வெளிச்சம்.

வெளியே நல்ல மழை. கூரைக்கடியில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் முருகேசன் நடுத்தெருவுக்கே போய்விட்டார். ஸ்பீக்கரில் வசந்தியின் குரல் கேட்டது. பள்ளிக்கூட மாடியில் இருக்கிறார்களாம். வேறு யாருடைய ஃபோனிலோ பேசுகிறாராம். பெரியவனுக்குக் காலில் சிராய்ப்பு, சின்னது தூங்குகிறது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், பீரோவெல்லாம் போச்சு. "போனா போவுது வசந்தி, போனா போவுது" என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடிதத்தை எழுதி முடிப்பது என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

அப்போது வசந்தி கேட்டார்: "என்னங்க அது சத்தம்? அங்கயும் மழையா? குடை எடுத்துட்டுப் போனீங்களா?"

தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றவர் சொன்னார்: "நான் உள்ளதான் நிக்கிறேன். நனையல."

"சும்மா சொல்லாதீங்க. மொதல்ல தலையத் தொவட்டுங்க."

முருகேசன் கைக்குட்டையை எடுத்தார். ஃபோனைக் காதில் அணைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் நின்றபடியே, தலையைத் துவட்டத் தொடங்கினார்.