றெஜினா அக்காவின் தடிக் கதை

றெஜினா அக்கா செத்துப்போன செய்தியை யாழ்ப்பாணத்தில் பேக்கரி வாசலில் பாண் வரிசையில் நின்றபோது கேட்டேன். முன்னால் நின்ற ஊர்காவற்றுறைக்காரர் திரும்பி, "உங்கட சிநேகிதி ரீச்சர் விடிய ஆசுப்பத்திரியில மோசம் போயிட்டாவாம்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு றாத்தல் பாண் கேட்டார். அந்த மனுசன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் பாரிசிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசி எடுத்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். அக்காவுடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நான் எழுத வேண்டுமாம். தகப்பனார் பேர்பெற்ற சிலம்படி வாத்தியார் என்பதையும், ஆண்மக்கள் மூவரும் அவரிடம் தடி பழகியதையும் மறக்காமல் குறிப்பிடச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காவின்ர தடிக் கதை மட்டும் வேண்டாம் ரீச்சர். ஆக்கள் சிரிப்பினம்" என்றார். ஆகவே அதைத்தான் எழுதுகிறேன். அவர் அச்சடிக்காவிட்டால் போகட்டும்.

தகப்பன் முற்றத்தில் மகன்மாருக்குத் தடி பழக்கும் நேரம் அக்காவுக்குக் குசினியில் சமையல் வேலை. குசினி யன்னலுக்கு நேரே முகம் காட்டித் தகப்பன் நின்றார். அவர் செய்ததைப் பார்த்து, கிணற்றடியில் போய் அப்படியே செய்தார் அக்கா. முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல வலம் இடமாகிவிட்டது அவருக்குத் தெரியாது. கரும்பலகையில் வெண்கட்டியை வலக்கையால் பிடித்து எழுதுபவர், தடியை இடக்கைக்காரியாகவே பழகினார். ஒருநாள் தகப்பன் கண்டாராம். "பொம்பிளைப் பிள்ளைக்கு உது காணும்" என்று சொல்லிப் போய்விட்டாராம். திருத்தவில்லை.

சண்டைக்கு இடம்பெயர்ந்திருந்து தொண்ணூற்றாறில் ஊர் திரும்பியபோது தாய் தகப்பன் இல்லை, தம்பிமார் வெளிநாட்டில். அந்தப் பெரிய வீட்டில் அக்கா தனி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிணற்றடி மறைப்புக்குள் தடி சுழற்றுவார். ஆமிக்காரர் சோதனைக்கு வருவார்கள் என்று தடி நுனியில் ஒரு கொக்கி கட்டி வைத்திருந்தார். கேட்டால் முருங்கைக்காய் பறிக்கும் கொக்கைத்தடி. வளவில் முருங்கையே இல்லை. நல்லகாலம், ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தனியப் பழகினா தூரம் பிடிபடாது. நீர் ஒருக்கா எனக்கு முன்னால நில்லும்" என்று என்னிடம் எத்தனையோ தரம் கேட்டார். யுத்தநிறுத்தம் வந்த சமாதான காலத்தில் ஒரு பின்னேரம் போய் நின்றேன். நான் அவருடைய வலக்கையைப் பார்த்திருக்க, அடி இடக்கைப் பக்கத்தால் வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருக்கோ பிறவியில் முதல் தடவையாகத் தடி ஓர் ஆள்மேல் பட்ட சந்தோசம். என் கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டே சிரித்தார். வேலிக்கு அப்பால் யாரோ எட்டிப் பார்த்திருக்க வேண்டும்; அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சண்டைக்காரிகள் என்று பட்டம். நான் அதோடு போகவில்லை. இன்னும் இரண்டு தரம் கேட்டார். சோதனைத்தாள் திருத்தக் கிடக்கு என்றேன். பிறகு கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில், அயலில் அல்லைப்பிட்டியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, சனம் மூட்டை கட்டியது. நானும் கட்டினேன். என்னோடு வரச் சொல்லிக் கேட்கப் போனபோது, வீட்டை விட்டு வரமாட்டேன் என்றார். தடி இருக்கிற துணிச்சலோ என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு ஆளுக்கு முன்னால நிண்டு பழகேல்லை. ஆரும் படலையைத் திறந்து வந்தா நான் அடிப்பனோ, நடுங்கிக்கொண்டு நிப்பனோ, எனக்கே தெரியாது."

நான் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். இரண்டு வருடம் அந்தப் பயத்தோடுதான் அவர் தனியே படுத்தெழும்பினார். யாரும் வரவில்லை. காய்ச்சல்தான் வந்தது.

செத்தவீட்டில், தனிமையிலும் தளராத பெண்மணி என்று பங்குச் சுவாமியார் பிரசங்கம் வைத்தார். தனிமை அவர் கேட்டு வாங்கியதா? முன்னால் நிற்க ஓர் ஆளைத்தானே கேட்டார்.

எல்லாரும் போனபின் கிணற்றடிக்குப் போனேன். அவர் கால் வைத்துச் சுழன்ற இடம் புல்லில்லாமல் வட்டமாகத் தேய்ந்து, மண் சீமெந்துபோல் இறுகியிருந்தது. அதற்கு எதிரே, ஒரு தடி தூரத்தில், புல் கணுக்கால் உயரத்துக்குச் செழித்துக் கிடந்தது. என் இடம் அது. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் புல்லைக் கண்ட வெட்கம் ஒன்றுதான்.