எண்ணெய் எங்கே போனது

"மாமா, என் சீட்டுக்கு அடியில யாரோ அழறா" என்று அந்தக் குழந்தை சொன்னபோது வேன் காவிரிப் பாலத்தின் நடுவில் இருந்தது. யு.கே.ஜி. படிக்கிறவள், உத்திர வீதியில் ஏறுவாள். கடைசி சீட்டைத் தவிர வேறு எங்கே உட்காரவைத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் வேனில் வருவாள். "யாரும் அழல கண்ணு, வண்டிச் சத்தம்தான்" என்று அவள் சமாதானம் சொல்லிவிட்டு, முன்னால் இருந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டியைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனில் இருக்கும் ஒரு பள்ளிக்குக் காலையும் மாலையும் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிப் போகிறேன். சீட்டுக்கடியில் பிஸ்கட் தூள் கிடந்தால்கூட எனக்குப் பொறுக்காது. மற்ற டிரைவர்கள் "கல்யாணப் பொண்ணு வருதுடா" என்று கிண்டல் செய்வார்கள். முறைப்பேனே தவிர, உள்ளூர அது எனக்கு இனிக்கும். வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும், அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று சான்று வாங்க வேண்டும். அதற்கு முன் எல்லோரும் ஒரு பெயின்டரைப் பிடிப்பார்கள். நான் யாரையும் வண்டியில் கை வைக்க விடுவதில்லை. மே மாத வெயிலில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, வண்டியின் அடிவயிறு முழுக்க நானே சில்வர் பெயிண்ட் அடிப்பேன். ஒரு போல்ட்டு, ஒரு மூலை விட மாட்டேன். அந்த வருடம் சோதனைக்கு வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "அடியில முகம் பாக்கலாம் போலிருக்கே" என்றார். ஒரு வாரம் அதையே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழந்தை சொன்ன அழுகையை அதற்கு முன்பே நானும் கேட்டிருந்தேன். கேட்காத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான். மெல்லிய ஊளை. வேகம் கூடினால் கூடும், காலை எடுத்தால் தேயும். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, அச்சில், பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. இன்ஜினின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். டிஃபரன்ஷியல் என்பார்கள். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. எண்ணெயை மாற்றினால் போய்விடும் என்று முடிவு செய்தேன். பட்டறைக்குப் போக வேண்டாமா என்று மனைவி கேட்டாள். "எனக்குத் தெரியாததையா அவன் பார்க்கப் போறான்?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கொள்ளிடக் கரையை ஒட்டிய எங்கள் தெருவரைக்கும் ஆற்றின் இரைச்சல் கேட்டது. எண்ணெய் சூடாக இருந்தால்தான் அழுக்கோடு சேர்ந்து இறங்கும் என்பதால், பாலம்வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் சமமான இடமாகப் பார்த்து நிறுத்தினேன். மனைவி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடியில் முருங்கைக்கீரையோடு உட்கார்ந்தாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க என்று சொன்னாள். என்னைக் கண்காணிக்க என்று எனக்குத் தெரியும்.

அந்த உருண்டையில் இரண்டு அடைப்பான்கள் உண்டு. பக்கவாட்டில் இருப்பது ஊற்ற, அடியில் இருப்பது வடிக்க. ஊற்றுகிற அடைப்பானைத்தான் முதலில் திறக்க வேண்டும். அவசரக்காரன் முதலில் எண்ணெயை வடித்துவிடுவான். அப்புறம் மேலே உள்ளது துருப்பிடித்துத் திறக்காமல் போனால் வண்டி காலி வயிற்றோடு நடுத்தெருவில் கிடக்கும். இதையெல்லாம் மனைவிக்குப் பாடமாகச் சொல்லிக்கொண்டே, ஸ்பேனர் உட்காருவதற்காக அடைப்பானைச் சுற்றியிருந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்தேன். ஒரு திருகு திருகியதும் உள்ளேயிருந்து "உஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. சூடான காற்று என் விரல்களில் பட்டது.

மனைவியின் கை கீரையில் நின்றுவிட்டது. "என்னங்க, பெருமூச்சு விடுது?"

"சூடா இருக்குல்ல. சோடா பாட்டில் மாதிரி" என்றேன். சொன்ன பிறகுதான், போன வருடம் திறந்தபோது இப்படி ஒரு சத்தம் வரவில்லையே என்று எனக்குள் ஓடியது. அதை அப்படியே ஓடவிட்டுவிட்டேன்.

அடியில் தட்டை வைத்துக் கீழ் அடைப்பானைக் கழற்றினேன். கரேலென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றுபோனது. போன தடவை இரண்டு லிட்டருக்கு மேல் நானே ஊற்றியிருந்தேன். தட்டில் ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. அடைப்பானின் நுனியில் இருக்கும் காந்தத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மை போல ஒரு குழம்பு, அவ்வளவுதான். உடைந்த பல் எதுவும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. "பல்லெல்லாம் பத்திரமா இருக்கு. எண்ணெய் குறைஞ்சதாலதான் சத்தம்" என்றேன்.

"குறைஞ்ச எண்ணெய் எங்க போச்சு?"

கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். உருண்டையில் ஒழுகிய தடம் இல்லை. வண்டி தினமும் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக் கறை இல்லை. "ஓட ஓட ஆவியாப் போயிருக்கும்" என்றேன்.

"நானும் மாசம் மூணு லிட்டர் எண்ணெய் அடுப்புல வச்சுக் காய்ச்சுறேன். ஒரு நாளும் ஆவியாப் போனதில்ல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. கீரையைப் பார், வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டேன். அவள் கீரையை உருவத் தொடங்கினாள். புது எண்ணெயைக் கை பம்பால் ஏற்றி, ஊற்றும் துளையின் விளிம்பில் வழிகிறவரை நிரப்பி, இரண்டு அடைப்பான்களையும் இறுக்கினேன். சுரண்டிய இடம் இரண்டும் என் கண்ணை உறுத்தின. டப்பாவில் மிச்சம் இருந்த சில்வர் பெயிண்டை எடுத்து அவற்றைத் தீட்டினேன். கையோடு கையாக, அச்சின் மேல்பக்கம் கொட்டைப்பாக்கு அளவில் துருத்திக்கொண்டிருந்த ஒரு குமிழுக்கும் இன்னொரு கோட் அடித்தேன்.

திங்கட்கிழமை அழுகை இல்லை. கடைசி சீட்டிலிருந்து குழந்தை, "இப்ப தூங்கிடுத்து மாமா" என்றாள். கண்ணாடியில் மனைவியைத் தேடி, பார்த்தாயா என்று தலையை ஆட்டினேன். அவள் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்துக்கு அடியில் காவிரி கலங்கலாக, தூண்களைச் சுழித்துக்கொண்டு போனது.

செவ்வாய்க்கிழமை, பள்ளி வாசலில் இருக்கும் சின்னச் சரிவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி என் முதுகுக்குப் பின்னால் மெதுவாக ஒரு முழம் நகர்ந்தது. ஓடிப்போய் ஒரு கல்லை வைத்து நிறுத்தினேன். கேபிள் தளர்ந்திருக்கும், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை காலையில் பிள்ளைகள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அழுகின முட்டையைச் சட்டியில் கருகவிட்ட மாதிரி ஒரு நாற்றம். "சாக்கடை அள்றாங்கப்பா" என்றேன். பாலத்தின் மேல் ஏது சாக்கடை? மனைவி மட்டும், "எண்ணெய் வாடை" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அன்று மாலை பிள்ளைகளோடு திரும்பும்போது, பாலத்தைவிட்டு மாம்பழச்சாலைப் பக்கம் இறங்கினோம். முன்னால் சிக்னலுக்கு ஒரு பஸ் நின்றிருந்தது. பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மொபெட். அப்பா, பின்னால் புத்தகப் பையோடு ஒரு பையன். பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கெட்டியாகத்தான் நின்றது. வண்டி நிற்கவில்லை. ஈரத் தரையில் சோப்பு போவது போலப் போனது. இன்னும் அழுத்தினேன். பின்பக்கம் வெட்டி, வண்டி வலப்புறம் இழுத்தது. அந்தப் பையன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் வாயில் லாலிபாப் குச்சி இருந்தது. அது இன்னும் நினைவிருக்கிறது. வண்டி இழுத்த பக்கமே ஸ்டியரிங்கை விட்டு, கியரை இறக்கி, நடுத்தடுப்புக் கல்லில் முன்சக்கரத்தை ஏற்றினேன். இரும்பு கிறீச்சிட்டது. நின்றபோது மொபெட்டுக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் குறுக்கே நடக்க இடமில்லை.

பிறகு பதினான்கு பிள்ளைகளும் ஒரே குரலில் அழுதார்கள். ஒருவருக்கும் அடி இல்லை. கடைசி சீட்டுக் குழந்தை முன்னால் பறக்காமல் இருக்க என் மனைவி குறுக்கே கையைக் கொடுத்திருந்தாள். அந்தக் கை, மணிக்கட்டில், இருக்கக்கூடாத கோணத்தில் தொங்கியது. அவள் என்னைத் திட்டவில்லை. "புள்ளைங்கள எண்ணுங்க" என்றாள்.

மறுநாள் பால்பண்ணைப் பக்கம் ஒரு பட்டறைக்கு வண்டியை இழுத்துப் போனார்கள். மாவுக்கட்டோடு அவளும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தாள். பட்டறை பாய் இடது பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மை இழுத்தார். உள்ளேயிருந்து என் புது எண்ணெய் கொடகொடவென்று தரையில் கொட்டியது. வலது பக்கமும் கசிய ஆரம்பித்திருந்தது. எண்ணெய் எங்கேயும் ஆவியாகவில்லை. வாரக்கணக்காக பிரேக்குக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. நான் விளிம்புவரை நிரப்பியதும் அதற்கு இன்னும் வசதியாகிவிட்டது.

பாய் அடியில் படுத்து, அச்சின் மேலிருந்த குமிழை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். சில்வர் தோல் தோலாக உரிந்தது.

"இது மூச்சு விடுற ஓட்டைங்க. உள்ள சூடு ஏறினா காத்து இது வழியாத்தான் வெளிய போகணும். இதை அடைச்சா அது எண்ணெயத் தள்ளிக்கிட்டு சக்கரத்துக்கிட்ட எண்ணெயத் தடுக்கிற ரப்பர் வளையத்தப் பிச்சுக்கிட்டு பிரேக்குக்குப் போயிடும்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "பெயிண்ட் அடிச்சது யாருங்க?"

என் மனைவி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எஃப்.சி.க்கு வழக்கமா ஒரு பெயின்டர் வருவாரு பாய்" என்றேன்.

"அந்தாள இனிமே கிட்ட சேக்காதீங்க. அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார்.

பெற்றோர்களிடமும் அதே பெயின்டர் கதையைத்தான் சொன்னேன். உத்திர வீதிக் குழந்தையின் அம்மா, "எவனோ பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவேள் மாமா. உங்க கையில விட்டா எங்களுக்குக் கவலையே இல்ல" என்றார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

வருடம் ஒன்றாயிற்று. குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்பு. இன்னும் கடைசி சீட்டுதான். என் மனைவியின் மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை. ஊறுகாய் ஜாடியை என்னிடம்தான் நீட்டுகிறாள். அந்த நாளைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை.

இந்த மே மாதம் மறுபடி எஃப்.சி. வந்தது. சாக்கை விரித்து, பெயிண்ட் டப்பாவோடு அடியில் படுத்தேன். செருப்புச் சத்தம் வந்து சக்கரத்தருகே நின்றது. அவள் முழுதாகத் திரும்பாத கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து, அடியில் படுத்திருந்த என்னைப் பார்த்தாள்.

"பெயின்டர் சார்," என்றாள், "அந்தக் குமிழை மட்டும் விட்டுடுங்க. என் வீட்டுக்காரர் ஓட்டுற வண்டி."

போய்விட்டாள். என் கையில் இருந்த பிரஷ் காய்ந்துபோனது.