இடது காதில் சொன்னது

தொழிலில் உள்ளவர்கள் அவரை "அடுத்தது" என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே "அடுத்தது அண்ணன்", முதுகுக்குப் பின்னால் வெறும் "அடுத்தது". கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், கம்பெனி விருந்து, வாரக் கடைசியில் கிளப் என்று பாதி ஆயுளைப் பாட்டுப் போட்டே கழித்த டிஜே அவர். மேசைக்கு வந்து யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் முகம் கோணமாட்டார். சிரித்தபடி தலையை ஆட்டி, கட்டை விரலை உயர்த்தி, "அடுத்தது அதுதான்" என்பார். கேட்டவர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் போவார். அந்தப் பாட்டு மட்டும் அன்றைக்கு வராது.

இதை ஏமாற்று வேலை என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஜனம் நிறைந்து ஆடிக்கொண்டிருக்கும் ஃப்ளோரை ஒரே ஒரு ஆளுக்காகக் கலைக்கக் கூடாது, அதுதான் தொழில் என்பார். முடியாது என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஆள் மேசையைப் பிடித்துக்கொண்டு வாதாடுவான். கொஞ்சம் சரக்கு உள்ளே போயிருந்தால் ஒயரையும் பிடிப்பான். தலையாட்டினால் நல்ல பிள்ளையாகப் போய்விடுவான். இரண்டு பாட்டுக்குப் பிறகு தான் எதைக் கேட்டோம் என்பதே அவனுக்கு மறந்திருக்கும். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. வந்தவர் எந்தப் பாட்டைக் கேட்டார் என்பதே அவருக்குக் காதில் விழுந்திருக்காது. அவருடைய இடது காது எப்போதோ போய்விட்டது. அடுத்த பாட்டைக் கேட்டுச் சரிபார்க்க வலது காதில் ஹெட்போன். திறந்து கிடந்த இடது காதுக்குப் பக்கத்திலேயே ஆள் உயர ஸ்பீக்கர். வருடக்கணக்கில் அப்படி நின்றால் எந்தக் காதுதான் தாங்கும்? முதலில் நிகழ்ச்சி முடிந்த பிறகு கொஞ்ச நேரம் 'ஙொய்' என்று இரையும், காலையில் சரியாகிவிடும். பிறகு காலையிலும் இரைந்தது. ஒருநாள் போனை இடது காதில் வைத்தவர், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டார். எதிர்முனையில் இருந்தவர் திரும்பக் கூப்பிட்டுச் சண்டை போட்ட பிறகுதான் கட்டானது லைன் அல்ல என்று புரிந்தது.

காது போன டிஜேவை எவன் கூப்பிடுவான் என்று பயந்து அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல் இருந்தாரே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அவள் தங்கைக்குத் தெரியும், தங்கைக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்.

வீட்டிலும் அந்தத் தலையாட்டல் தொடர்ந்தது. "மோட்டார் போட்டீங்களா?" என்று மனைவி இடது பக்கத்திலிருந்து கேட்பாள். தலையாட்டுவார். தொட்டி காலியாக இருக்கும். "ஊருக்கெல்லாம் காது குடுக்கிறாரு, நான் பேசினா மட்டும் உங்கப்பாவுக்குச் செவிடு" என்று அவள் மகளிடம் அலுத்துக்கொள்வாள். அப்படிச் சொன்னவளுக்கும் உண்மையிலேயே செவிடாக இருக்கும் என்ற சந்தேகம் வரவில்லை. வராததில் ஆச்சரியமும் இல்லை. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற கணவன்மாரே அப்படித்தானே இருக்கிறார்கள்.

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மாலையில் அவள் வீடு திரும்பும்போது இவர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை, இவருக்கு அன்றைக்குத்தான் இரண்டு நிகழ்ச்சி. சொந்தக்காரர் வீட்டு விசேஷமானாலும் இவர் மேசைக்குப் பின்னால்தான் நிற்பார். குடும்பப் படங்களில் எல்லாம் அவளும் மகளும் மட்டுமே இருப்பார்கள். ஓரத்தில் மங்கலாக ஒரு ஹெட்போன் தெரிந்தால் அதுதான் அவர்.

அவர்களுடைய கல்யாண வெள்ளி விழாவை மகள்தான் ஏற்பாடு செய்தாள். ஒரு ஓட்டலின் சின்ன ஹால். வேறொரு டிஜேவைச் சொல்லிவிடலாம், அப்பா ஒருநாளாவது சும்மா இருக்கட்டும் என்று அவள் சொன்னபோது இவர் குதியாய்க் குதித்தார். "என் வீட்டு விசேஷத்துல இன்னொருத்தன் வந்து பாட்டுப் போடுறதா? நாளைக்கு நான் வெளியில தலைகாட்ட வேணாமா?" என்றார். சரி, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு அவர் நன்றாகப் போட்டார், அதில் குறையே சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகத் தொடங்கி, பெரியவர்களைக் கைதட்ட வைத்து, பிறகு இளசுகளை எழுப்பி, ஒருவரையும் நாற்காலியில் உட்காரவிடவில்லை. சூடு பிடித்த நேரத்தில் மனைவி மேசைக்கு வந்தாள். அவருடைய வலது காதில் ஹெட்போன் இருந்ததால் இடது பக்கம் சுற்றி வந்து, காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். நாலைந்து வாக்கியம் இருக்கும். அவர் எல்லோருக்கும் செய்வதைப் போலவே சிரித்தார், தலையாட்டினார், கட்டை விரலை உயர்த்தினார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

சவுண்டைக் குறைக்கச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக் கொஞ்சம் குறைத்தும் வைத்தார். அவள் ஃப்ளோரின் ஓரத்தில் வந்து நின்றுகொண்டு இவரையே பார்த்தாள். பாட்டை ரசிக்கிறாள் போலிருக்கிறது என்று இவர் மறுபடி கட்டை விரலைக் காட்டினார். ஒரு பாட்டு போயிற்று, அடுத்ததும் போயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது அவள் அங்கே இல்லை. தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள்.

மறு வருடம் மாரடைப்பு வந்து அவள் போய்ச் சேர்ந்தாள். யாரும் எதிர்பார்க்காத சாவு.

காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவள் என்னதான் சொன்னாள்? சவுண்டைக் குறைக்கச் சொன்னவளின் முகம் அப்படி மலருமா? அவள் உயிரோடு இருந்தபோதே அது லேசாக உறுத்தியதுதான், கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், சொன்னது காதில் விழாமலே தலையாட்டினேன் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், ஏன் விழவில்லை என்பதும் வெளியே வந்திருக்கும். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டுவிட்டார். மச்சினியிடமோ மகளிடமோ கேட்கவும் அதே வெட்கம். மகள் அந்த விழாவுக்குப் பிறகே அவரிடம் அளந்துதான் பேசினாள். அம்மா போன பிறகு அதுவும் குறைந்தது. மாதம் ஒருமுறை வருவாள், மருந்து மாத்திரை வாங்கி வைப்பாள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள், போய்விடுவாள். தாயை இழந்த துக்கம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஒலி, ஒளிக்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஒரு விருந்து மண்டபத்தில், மத்தியான நேரத்தில், உறை கழற்றிய நாற்காலிகளைப் போட்டு நடத்தினார்கள். தொழிலுக்கு உபயோகமாக ஆளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று செயலாளர் உத்தரவு. இவருடைய வண்டி பட்டறையில் கிடந்ததால் மகள் காரில் கொண்டுவந்து விட்டாள். வெளியே வெயில் கொளுத்தியதால் அவளும் உள்ளே வந்து கடைசி வரிசையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

கூட்டம் கலகலப்பாகத்தான் நடந்தது. சமையல்கட்டு கிரைண்டர் ஓடுகிற லைனில் சவுண்ட் மிக்சரைச் சொருகாதீர்கள், சட்னி அரைக்கும்போது பாட்டு நின்றுபோகும் என்று ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னார். மணப்பெண்ணின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள், நான் முந்தின நாள் மணப்பெண்ணின் பெயரை மைக்கில் சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை என்னை அடிக்காத குறை என்றார் இன்னொருவர். பாட்டுகளை ஒரே பென் டிரைவில் நம்பிக் கொண்டுபோகாதீர்கள், மேசையில் ஜூஸ் வைக்க விடாதீர்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

இவர் முறை வந்ததும் எல்லோரும் எதிர்பார்த்ததைத்தான் சொன்னார். "யார் வந்து என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்லாதீங்க. தலைய ஆட்டுங்க, சிரிங்க, அடுத்தது அதுதான்னு சொல்லுங்க. அப்புறம் உங்க வேலையப் பாருங்க." மண்டபமே சிரித்தது. கடைசி வரிசையில் மகள் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

முன்வரிசையில் இருந்த லைட்காரர் எழுந்தார். பல மேடைகளில் இவரோடு வேலை செய்தவர். "அண்ணே, ஒரு சந்தேகம். அந்தச் சத்தத்துல அவங்க பேசுறது உங்களுக்கு எப்படித்தான் கேக்குது?"

வழக்கமாக ஒரு ஜோக்கடித்துச் சமாளித்திருப்பார். மகளின் பார்வையைப் பார்த்த பிறகு ஏனோ வாய் வரவில்லை. கிளப்புக்குப் போவதையும் விட்டாயிற்று, இனி மறைத்து எதைக் காப்பாற்ற?

"கேக்காதுப்பா," என்றார்.

அதற்கும் சிரித்தார்கள். அவர் கையமர்த்தினார். "சிரிக்காதீங்க. எனக்கு இடது காது சுத்தமா கேக்காது. போய் ரொம்ப வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல. ஸ்பீக்கரைக் காதுக்கு நேரா வைக்காதீங்க, தள்ளி வைங்க. ஹெட்போனை ஒரே காதுல மாட்டாதீங்க. காதுக்கு அடைப்பான் விக்கிறான், கூச்சப்படாம வாங்கி மாட்டுங்க. வீட்டுக்குப் போனதும் காதுல இரைஞ்சா, சரியாயிடும்னு விடாதீங்க. டாக்டர்கிட்டப் போங்க. முக்கியமா வீட்டுல சொல்லுங்க." அதோடு உட்கார்ந்துவிட்டார். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு டீ வந்துவிட்டது என்று அறிவித்தார்.

மகள் டீக்கு நிற்கவில்லை. காரில் ஏறியவள் சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. அவருடைய வலது காது அவள் பக்கம் இருந்தது.

"நிஜமாவே கேக்காதாப்பா?"

"கேக்காது."

"எப்பலேர்ந்து?"

"நீ காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடியே."

அவள் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப உங்க வெள்ளி விழாவுல அம்மா வந்து சொன்னாங்களே, அது?"

"அதுவும் கேக்கல." இத்தனை காலம் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்ததை அவர் ஒருவழியாகக் கேட்டார். "என்னம்மா சொன்னா?"

"ஒரு பாட்டுக்குக் கீழ இறங்கி வாங்க, ரெண்டு பேரும் ஆடலாம்னு சொன்னாங்க. ஆடணும்னு ரொம்ப ஆசைப்பா அவங்களுக்கு. நீங்க வேலைக்குப் போனதும் தினமும் என்னைக் கூப்பிட்டு வச்சு பழகுவாங்க. உங்க ரூம்ல, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல இருக்கிற அந்த இடத்துல. திரும்பும்போது பீரோவுல இடிச்சுக்குவாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்குச் சத்தியம். அன்னைக்கு மேசையிலேர்ந்து வந்து, 'வரேன்னுட்டாருடி'ன்னு சொன்னாங்க. செருப்பைக் கழட்டிச் சித்திகிட்ட குடுத்துட்டுப் போய் நின்னாங்க."

அவர் காரின் கண்ணாடியை இறக்கினார். வெளியே யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எதைப்பா சொல்றது? உங்களுக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்? வரேன்னு சொல்லிட்டு வேணும்னே வரலன்னுதான் நான் நினைச்சேன். அதனாலதான் உங்ககூடப் பேசவே எனக்குப் பிடிக்கல. காதுதான் காரணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." அழுதாள்.

அவர் அவள் தோளில் கை வைத்தார். எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். அவருக்குக் கேட்க இன்னொன்று இருந்தது. கேட்காமலே வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் தோன்றியது.

"உங்கம்மாவும் அப்படித்தான் நினைச்சாளா?"

"மறுநாள் காலையில கேட்டாங்கப்பா. நீங்க டீ குடிச்சிட்டு பேப்பர் பார்த்துட்டு இருந்தீங்க. அம்மா உங்க இடது பக்கத்துல உக்காந்திருந்தாங்க, நானும் அங்கதான் இருந்தேன். 'என்கூட ஆடுறதுக்கு உங்களுக்கு வெக்கமா இருந்துச்சா'ன்னு கேட்டாங்க."

அவருக்கு அந்தக் காலை நினைவிலேயே இல்லை.

"நான் என்ன சொன்னேன்?"

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனீங்கப்பா."