அம்மா பேருக்கு வந்த கடிதங்கள்

அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் அவளுக்கு ஊமைக்கொட்டான் என்று பெயர். இருபது வருடமாகப் புத்தகம் தைக்கிறவள், சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருப்பதும், அடிதடியில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஆறு வருடமாகச் சிறையில் கிடப்பதும் எதிரில் உட்காரும் கண்ணாடிக்காரிக்கு மட்டும்தான் தெரியும். அக்கா அவனைத் தலைமுழுகியிருந்தாள். அம்மா பேருக்கு அவன் எழுதும் கடிதங்களை அம்மாவிடம் காட்டாமல், பிரிக்காமலே அலமாரியில் போட்டுவந்தாள். அம்மா இறந்தபோதும் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு நூலகத்திலிருந்து தலையணை மாதிரி ஒரு ருஷ்ய நாவல் வந்தது, முதுகு பிய்ந்து, தாள் தாளாக. மணிக்கட்டு வீங்கி ஊசி பிடிக்க முடியாமலிருந்த கண்ணாடிக்காரி அதை உரக்கப் படித்தாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தைத்தார்கள். வாயில் நுழையாத பெயர்களை விட்டுவிட்டு, மீசை, அழுமூஞ்சி என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். குடும்பத்தையே தலைகுனிய வைத்த ஒருவனை, கூடப்பிறந்தவளும் பழைய சிநேகிதனும் பனியில் தேடிப்போகும் இடம் வந்தது. ஊமைக்கொட்டான் தைப்பதை நிறுத்தினாள்.

சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிக்காரி மெல்லச் சொன்னாள். "உன் தம்பிய ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வருவோம். நானும் வர்றேன்."

போனார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவனுக்கு முன்தலை வழுக்கையாகியிருந்தது. அக்காவைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

"அம்மா வரலையா? ஒரு கடுதாசிக்காவது பதில் போடச் சொல்லுக்கா. திட்டியாவது எழுதட்டும்."

"அம்மா போயி மூணு வருஷம் ஆச்சுடா."

அவன் கத்தவில்லை, அழவுமில்லை. "அப்ப நான் யாருக்கு எழுதிட்டிருந்தேன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்துப் படித்தாள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா, அக்கா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்பதைத் தவிர அவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் பார்க்க மனு கொடுத்தபோது அவன் வர மறுத்துவிட்டான். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். கூடவே வந்துகொண்டிருந்த கண்ணாடிக்காரி, தேவையில்லாமல் அவளை இதில் இழுத்துவிட்டதாக நொந்துகொண்டாள்.

"நீ இல்லன்னா அவன் இன்னும் எழுதிக்கிட்டேதான் இருந்திருப்பான்," என்றாள் ஊமைக்கொட்டான். அதை நன்றியாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா என்று சிநேகிதிக்குப் புரியவில்லை. சொன்னவளுக்கே தெரியவில்லை.

நாலாவது மாதம் போனபோது, அவனாகவே கேட்டு வேறு சிறைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டதாகக் காவலர் சொன்னார். எங்கே என்று வீட்டாருக்குச் சொல்ல வேண்டாமென எழுதிக் கொடுத்திருந்தானாம்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. கண்ணாடிக்காரி அவள் கையைப் பிடித்திருந்தாள்.